ஐந்தாவது ஆட்சேபணை

"ஒரு மதர்போர்டை மாத்தறதுக்கு நாலு வருஷமா மீட்டிங் போட்டிருக்கீங்க! வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க மேடம்."

விஸ்வநாத் ஃபைலை மேஜைமேல் போட்டார். டெல்லியிலிருந்து மாற்றலாகி, ஹைதராபாத் உப்பலில் அந்த மத்திய அரசு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராக வந்து பத்து நாள்தான் ஆகிறது. வந்த வேகம் இன்னும் குறையவில்லை.

எதிரே கொள்முதல் அதிகாரி வசந்தி. பக்கத்தில் ஸ்டோர்ஸ் நூர் முகமது. இருவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை.

புது போர்டில் பெரிய மாயம் எதுவும் கிடையாது. ஒயர் செருகும் இடமெல்லாம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். பெட்டிக்குள் ஒயர் குப்பை இருக்காது, காற்று தாராளமாகப் போகும். அதைத்தான் இந்த அலுவலகம் நான்கு முறை திருப்பி அனுப்பியிருந்தது.

விஸ்வநாத் உரக்கப் படித்தார்.

"முதல் வருஷம், 'போர்டு கறுப்பாக இருப்பதால் தூசி தெரியும்.' அடுத்த வருஷம், 'பின்பக்கம் என்பது எந்தப் பக்கம் என்று கம்பெனி விளக்கவில்லை.' மூணாவது, 'கையிருப்பில் உள்ள திருகாணிகள் தீரும்வரை காத்திருக்கலாம்.' எவ்வளவு இருக்கு, நூர்?"

"நாலு டப்பா சார். பெரிய டப்பா."

"போன வருஷம், 'உலகமே தயங்கும்போது நாம் முந்துவது முறையல்ல.' இதை எழுதின மகான் யாரு?"

"நான்தான் சார்" என்றார் வசந்தி. "அது நிஜமும்கூட. வாங்க ஆள் இல்லைன்னு கடைக்காரர் வெக்க மாட்டேங்கறார். கடையில இல்லைன்னு யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

"நீங்கல்லாம் இருக்கற வரைக்கும் எப்படி வரும்? இன்னிக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

"ஜல்தி நக்கோ சார், அவசரம் வேண்டாம்" என்று ஆரம்பித்தார் நூர். விஸ்வநாத் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"போடுங்க சார்" என்றார் வசந்தி. "அதுக்கு முன்னாடி அந்த சாம்பிள் போர்டை ரிப்பேர் அறையில பத்ரிநாராயணன் கையில ஒரு தடவை குடுத்துப் பாருங்க. மாட்டப் போறவர் அவர்தானே?"

இன்னொரு முட்டுக்கட்டை என்று நினைத்துக்கொண்டே விஸ்வநாத் போர்டை எடுத்துக்கொண்டு போனார்.

ரிப்பேர் அறையில் அறுபதை நெருங்கும் ஒருவர், பழைய வகை போர்டு ஒன்றைப் பெட்டிக்குள் பொருத்திக்கொண்டிருந்தார். பார்வை ஜன்னல் பக்கம். அதிகாரி உள்ளே வந்தும் திரும்பவில்லை.

சரியான திமிர், என்று நினைத்தார் விஸ்வநாத்.

ஆனால் கை அபாரம். திருகாணிகள் மளமளவென்று இறங்கின. ஒயர்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது.

"புது ஷூ சத்தமா இருக்கே! புது சாரா? வாங்க, வாங்க."

"இந்த போர்டைப் பாருங்க. இனிமே இதுதான்."

பத்ரிநாராயணன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். விரல்கள் மெல்ல நகர்ந்தன.

"மெமரி இங்க இருக்கு. சரி. ஓரத்துல பவர் ஒயர் செருகற இடம்…" விரல்கள் விளிம்போடு ஒரு சுற்றுப் போய் வந்தன. மறுபடியும் போயின. "காணோமே சார்?"

"பின்பக்கம் இருக்கு. வெள்ளையா, பெரிசா. பாருங்களேன்."

அவர் போர்டைத் திருப்பினார். இடது எது, வலது எது என்று விரல்களுக்குப் பிடிபடவில்லை. மறுபடி திருப்பினார். நெற்றியில் வேர்த்தது.

"பழகிக்கறேன் சார்" என்று சிரித்தார். "கொஞ்ச நாள் மட்டும் குடுங்க."

அப்போதும் அவர் ஜன்னலைப் பார்த்துத்தான் சிரித்தார்.

விஸ்வநாத் சத்தமில்லாமல் அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். கண் இமைக்கவில்லை.

வெளியே வராந்தாவில் வசந்தி நின்றிருந்தார்.

"இது எத்தனை பேருக்குத் தெரியும் மேடம்?"

"எல்லாருக்கும் சார். எங்களுக்குத் தெரியும்ங்கறதுதான் அவருக்குத் தெரியாது." வசந்தி குரலைத் தாழ்த்தினார். "அஞ்சு வருஷமா கண்ணு மங்கிட்டே வந்து, இப்போ சுத்தமாப் போயிடுச்சு. வெளியில தெரிஞ்சா தபால் பிரிவுல ஒரு நாற்காலி போட்டு சும்மா உட்கார வெச்சுடுவாங்கன்னு பயம். வேலை செய்யாம சம்பளம் வாங்கினா செத்துப் போயிடுவார் சார். ஆனா அவர் மாட்டின மெஷின் ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல. பழைய போர்டு அவர் கைக்கு மனப்பாடம்."

விஸ்வநாத் ரிப்பேர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ரிட்டயர்மென்ட் எப்போ?"

"மார்ச் கடைசி. இன்னும் ஒரே ஒரு ஆட்சேபணை இருந்தாப் போதும். ஆனா எங்ககிட்ட சரக்கு தீர்ந்துபோச்சு."

விஸ்வநாத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து ஃபைல் வசந்தியின் மேஜைக்கு வந்தது. பயந்துகொண்டேதான் பிரித்தார்.

"போர்டில் அச்சிடப்பட்டுள்ள எழுத்துகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. இந்தியிலும் அச்சிட இயலுமா என்று ஆராய என் தலைமையில் துணைக்குழு அமைக்கப்படுகிறது. முதல் கூட்டம், ஏப்ரல் மாதம்."