வெட்டிய வரி

1992 மார்ச் 9, திங்கட்கிழமை. பஞ்சாபின் எல்லையோரக் கல்லூரி ஒன்றில் ஆண்டு மலர் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. புதன்கிழமை காலை, மலரின் பஞ்சாபிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் விரிவுரையாளர் பிரிதிபால் கவுரைத் தேடி ஒரு போலீஸ்காரர் வந்தார்.

கதவைச் சாத்திவிட்டு மலரை மேசைமேல் விரித்தார். நாற்பத்தோராம் பக்கம்.

"இந்தக் கதை யார் எழுதினது, மேடம்ஜி?"

"தபால்ல வந்தது. பேர் போடல."

"அப்ப தபால்காரன் எழுதினதா?"

பிரிதிபால் அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்தாள். கால்வாய்க்கரையில் போலீஸ் ஜீப்பிலிருந்து இறக்கப்பட்ட ஒரு பையனின் கடைசி நிமிடங்கள்தான் கதை. சுடப்படுவதற்கு முன் அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கும் இடத்தில் அவளே அழுதிருக்கிறாள்.

நீதிக்கதையும் காதல் கதையுமாகக் கிடந்த பகுதியை ஆறு வருடம் மல்லுக்கட்டிச் சிறுகதைப் பக்கம் திருப்பியவள் அவள். பேரும் ஊரும் எதற்கு, 'அவன்' போதும் என்பாள் மாணவர்களிடம். இந்தக் கதை, "கரம்ஜீத், தகப்பன் பெயர் நாசர் சிங், வயது பத்தொன்பது" என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்கிற மாதிரி தொடங்கியது. அந்த ஒரு வரியை வெட்டினாள். மற்றபடி கை வைக்கவில்லை.

படித்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். தினமும் நூலகத்தில் ஒரு நாளிதழ் விடாமல் வரிவரியாகப் பார்க்கும் முதலாமாண்டு ரூபிந்தர்கூட நேற்று வந்து, "நல்ல கதை மேடம்ஜி. பாவம், யார் பெத்த பிள்ளையோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழுதியவன் எந்த மாணவனோ. அவன்மேல் ஒரு தூசு படக்கூடாது.

"நான்தான் எழுதினேன்," என்றாள் பிரிதிபால்.

அவர் அவளையே பார்த்தார். "அன்னைக்கு அந்த ஜீப்பை ஓட்டினது நீங்களா?"

அவள் பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்:

"நான் ஓட்டினேன். நான்தான் எழுதினேன். அந்தப் பையன் வீட்டுக்குக் கடுதாசி போட்டா மாட்டிக்குவேன். கதைன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு இங்க அனுப்பினேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, ரூபிந்தர் என்று ஒரு பெண் இங்கே படிக்கிறாளே, அவள் கதையைப் படித்தாளா என்று கேட்டார்.

படித்தாள், நல்ல கதை என்று சொன்னாள் என்றாள் பிரிதிபால்.

போலீஸ்காரர் மலரை மூடினார்.

"அவ அண்ணன் பேரை ஏன் மேடம்ஜி வெட்டினீங்க?"