தபால்காரர் கேட்ட அட்டை

“என்னங்க, தபால்காரர் வந்திருக்காரு. நம்ம நாயோட தடுப்பூசி அட்டையைக் கேக்கிறாரு.”

கணவன் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்தான். போன வருடம் அவர்கள் வீட்டு நாய் தபால்காரரின் கெண்டைக்காலைப் பதம் பார்த்திருந்தது.

“ஒரு வருஷம் கழிச்சு வம்புக்கு வர்றாரா?” என்று முணுமுணுத்தபடி வாசலுக்குப் போய் அட்டையை நீட்டினான்.

“குட்டியோடதும் குடுங்க” என்றார் தபால்காரர்.

நாய் போட்டிருந்த நான்கு குட்டிகளில் மூன்று புது வீடுகளுக்குப் போய்விட்டன. வாங்கியவர்கள் யாரும் அட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

“ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் பூச்சி மருந்து, எடை போட்டு அளவா குடுத்திருக்கீங்க. முதல் ஊசி, ரெண்டாவது ஊசி... ஒண்ணும் விட்டுப்போகல.”

“சார், அன்னைக்கு நடந்ததுக்கு...” கணவன் இழுத்தான்.

“இந்த வேலையில என்னை மூணு நாய் கடிச்சிருக்கு தம்பி. மத்த ரெண்டு வீட்டுலயும் அது எங்க நாயே இல்லன்னுட்டாங்க. உங்க வீட்டம்மாதான் அட்டையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தாங்க. ஊசி போட்டும் பயம் போகல. அந்த அட்டையைப் பார்த்தப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. என் பொண்ணு குட்டி கேட்டு அடம்பிடிக்கிறா. வாங்கினா இந்த வீட்டுலதான்னு காத்திருந்தேன். குடுப்பீங்களாம்மா?”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிக் குட்டியைத் தூக்கி வந்து இறக்கிவிட்டாள். அது நேராக ஓடிப்போய் அவர் காற்சட்டையைக் கவ்வியது.

“அதே கால்!” தபால்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “இவங்கம்மா விலாசம் சரியாத்தான் குடுத்திருக்கா!”