இடது காது

“இவரு எங்க பாட்டையாதாம்மா. பெயர் தெரியாதவர்னு போட்டா என்ன அர்த்தம்? பேரு தெரிஞ்சவன் இந்தா வந்து நிக்கிறேன்ல.”

அருங்காட்சியகத்தின் பின்னறையில் கணினித் திரையைத் தட்டித் தட்டிப் பேசினார் உடையப்பன். திரையில், ஒரு பெரிய வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோளில் சரிகைச் சால்வை. காலடியில் ஒரு வேட்டை நாய்.

“திரையத் தட்டாதீங்க சார்,” என்றாள் இசைவாணி. பழைய கண்ணாடி நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது அவள் வேலை. படத்தில் இருப்பவர்களைத் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பேப்பரில் அறிவிப்பு வந்ததிலிருந்து ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். எல்லோரும் தேடி வந்தது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை. நின்றுகொண்டிருப்பவர்களுக்கு வாரிசே இல்லை.

“என்னங்க, அவசரப்படாம வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வரலாமே,” என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி சீதை.

“என்னத்த யோசிக்கிறது? வெள்ளிக்கிழமை விடுதித் திறப்பு. வெளிநாட்டுக்காரன் வாசல்ல நொழைஞ்சதும் யாரப் பாப்பான்? ஒன்னையவா?”

திருமயம் பக்கத்தில், தன் அப்பா விலைக்கு வாங்கிய பழைய வீட்டை உடையப்பன் விடுதியாக மாற்றியிருந்தார். எதிர்வீட்டுக்காரரும் விடுதிதான் நடத்துகிறார். அங்கே முகப்பில் ஆளுயரத் தாத்தா ஒருவர் தொங்குகிறார். வருகிறவர்கள் அவரோடு செல்ஃபி எடுத்த கையோடு அங்கேயே ரூமும் போட்டுவிடுகிறார்கள். உடையப்பனிடம் வீடு இருந்தது, தாத்தாதான் இல்லை.

“தாத்தா படம் இல்லாட்டி ரூம் கேக்க மாட்டாங்களா?” என்றாள் சீதை.

“ஒனக்கென்ன தெரியும்? ஒங்க வீட்டுலேருந்து கொண்டாந்த ஒத்தப் படத்தையும் துணியச் சுத்திப் பரண்ல போட்டவ நீ. வெளிய காட்டுற மொகமா இருந்தா மாட்டியிருக்க மாட்டியா?”

“அது கெடக்கட்டுங்க.”

இசைவாணி குறுக்கிட்டாள். “ஆதாரம் ஏதாச்சும் இருக்கா சார்?”

“அந்த இடது காதப் பெருசு பண்ணுங்க.”

பெருசு பண்ணினாள். காது மடலின் ஓரத்தில், நெல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. உடையப்பன் தலையைத் திருப்பித் தன் காதைக் காட்டினார். அதே இடத்தில் அதே பிளவு.

“பொறக்குறப்பவே வர்றது. எங்க வம்சத்துல ஆம்பளப் புள்ளைக அத்தனை பேருக்கும் உண்டு. வேற எவனுக்காவது இருந்தா நான் மொட்டை அடிச்சுக்கிறேன்.”

“மொட்டை அடிச்சா காது இன்னும் நல்லாத் தெரியும்,” என்று முணுமுணுத்தாள் சீதை.

“சரி சார், பேரச் சொல்லுங்க. ஆனா ஒருக்கா ஏத்திட்டா என்னால அழிக்க முடியாது. மேல எழுதிப் போட்டு ஆர்டர் வரணும்.”

“யாரு அழிக்கச் சொன்னா? என் காதையும் ஒரு போட்டோ புடிச்சுப் பக்கத்துலயே போடுங்க. எதிர்த்த வீட்டுக்காரன் பாக்கட்டும்.”

“காது வேணாங்க,” என்று சீதை அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டுக் காதைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பெயர், ஊர், காது மூன்றும் இணையத்தில் ஏறின. உடையப்பன் உடனே பிரின்ட் கடைக்குப் போன் போட்டார். “ஆளுயரம் பத்தாதுப்பா. ரெண்டடி கூட்டிக்க.”

“ஒரு நிமிசம் இருங்க சார்,” என்றாள் இசைவாணி. “அதே பெட்டியில இதுக்கு அடுத்த கண்ணாடி இருக்கு. இவரு அதுலயும் இருப்பாரு.”

“இருக்கட்டும். ரெண்டையும் மாட்டிருவோம்.”

படம் மேலிருந்து மெல்ல மெல்லத் திரையில் இறங்கியது. அதே முற்றம், அதே நாற்காலி, அதே சால்வை, அதே நாய். உட்கார்ந்திருந்தவர்தான் வேறு ஆள். முதல் படத்துக்காரர் வெறும் தோளோடு பின்னால் நின்று அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். இடது காது மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

“பெரியவர் வந்து உக்கார்றதுக்கு முன்னாடி, வெளிச்சம் சரியா விழுதான்னு பாக்க இவர உக்கார வச்சு ஒண்ணு எடுத்திருக்காங்க போல,” என்றாள் இசைவாணி.

உடையப்பன் போனைக் காதிலிருந்து இறக்கினார். போனில் பிரின்ட் கடைக்காரர், “அண்ணே, ரெண்டடி போதுமாண்ணே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“உக்காந்திருக்கிறவர் யாருன்னு தெரியல. இவருக்கும் பெயர் தெரியாதவர்னே போட்டுரவா?”

“வேணாம்மா. அவரு எங்க பாட்டையா,” என்றாள் சீதை. பிறகு கணவர் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னாள்: “நான் கொண்டாந்ததும் இதே படந்தாங்க. நீங்க தாலி கட்டக் குனிஞ்சப்ப ஒங்க காதப் பாத்தேன், அன்னைக்கே அதுக்குத் துணியச் சுத்திட்டேன்.”