கணக்கில் வராத எலிகள்

“செத்துப்போன எலிங்க கணக்கை எடுத்துட்டு வா” என்றார் பேராசிரியர்.

நண்டு ஓட்டிலிருந்து நானோ துகள் செய்து, அதில் மருந்தை அடைத்து, நேராகப் புற்றுக்கட்டிக்கே அனுப்பும் ஆய்வுக்கூடம் அது. ஓடு சுரண்டியே இளைத்த ஆய்வு மாணவனுக்கு ‘நண்டு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“கிராஃப் அசிங்கமா இருக்குன்னு நீங்கதானே சார் அதையெல்லாம் கட்டுரையிலேர்ந்து தூக்கச் சொன்னீங்க?”

“சொன்னேன். இப்ப உண்மையைச் சொல்லுடா. துகள் கட்டிக்குப் போச்சா?”

“வழியில கல்லீரல்லயே தங்கிடுச்சு சார்.”

“எத்தனை எலி பிழைச்சுது?”

“ஒண்ணு. அதுக்கு மருந்து போட மறந்துட்டேன்.”

பேராசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நண்டுக்குக் கண் கலங்கியது. மனுஷனுக்கு ஒருவழியாக மனசாட்சி வந்துவிட்டதே!

“கட்டுரையை வாபஸ் வாங்கிடலாமா சார்?”

“அதுக்கெல்லாம் நேரமில்லடா. எனக்கே கட்டி இருக்காம். நம்ம கட்டுரையைப் படிச்சதுலேர்ந்து டாக்டருக்குத் தலைகால் புரியலை. மனுஷங்களுக்கு நம்ம மருந்தைப் போட்டுப் பார்க்கப் போறாங்க.”

“யாருக்கு சார் முதல்ல?”

“கட்டுரையில மாதிரியேதான்” என்றார் பேராசிரியர். “முதல் பேரு என்னோடது.”