பத்து நிமிடம்

தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கடலுக்கு இறங்கும் படிக்கட்டின் மேல்படியில் பிரீடா உட்கார்ந்திருந்தாள். நீச்சல் உடைக்கு மேலே கணுக்கால் வரைக்கும் வரும் பெரிய கோட்டை மாட்டி, கைகளை அதன் பைகளுக்குள் விட்டுக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபிடெல்மா மிதவை வரைக்கும் நீந்திவிட்டு, பல் கிடுகிடுக்கப் படியேறி வந்தாள். ஜனவரி மாதத்து அயர்லாந்துக் கடல் யாருக்கும் தயவு தாட்சண்யம் பார்க்காது. விடிந்ததிலிருந்து விடாத மழை வேறு.

"பின்னாலயே வர்றேன்னு சொன்னியே! திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். அதுக்குள்ள கரையேறிட்டியா?"

"உன்னை மாதிரி மீனுக்கா பொறந்தேன் நான்?" என்றாள் பிரீடா.

மழைக்கு ஒதுங்கும் கூரையடியில் காலுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மலகி சிரித்தார். முன்னாள் தபால்காரர். இவர்களுக்கு முன்னாலேயே வந்து, குளியலை முடித்துவிட்டு, நிதானமாகத் தேநீர் குடித்துக் கிளம்புகிறவர்.

ஃபிடெல்மா துண்டை எடுத்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "இன்னைக்கு என்ன கிழமை?"

இது பிரீடா போட்ட சட்டம். நாற்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். கரையேறிய பிறகுதான் உடம்பு இன்னும் குளிரும், மூளை குழம்பும், பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும் என்பாள். அதனால் குளித்துவிட்டு வந்தவுடன் ஒருவரை ஒருவர் நாலு கேள்வி கேட்டாக வேண்டும். பதினொரு குளிர்காலமாக அந்தச் சட்டம் ஒருநாளும் தவறியதில்லை.

"ஏன், உங்க வீட்டுல காலண்டர் இல்லையா?"

"சொல்லுடி."

"ஞாயிறு."

அன்று செவ்வாய். ஃபிடெல்மாவின் கை துண்டோடு அப்படியே நின்றது.

"சரி, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"என்னத்த, வழக்கம்போல சூப்புதான்."

நேற்று பிரீடாவின் பிறந்தநாள். ஃபிடெல்மாதான் ஆட்டுத்தொடையை வாட்டி, கேக் செய்து விருந்து வைத்தாள். மூன்று துண்டு கேக்கை உள்ளே தள்ளிவிட்டு, நாலாவது துண்டைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு போனவள் இந்தப் பிரீடா.

ஃபிடெல்மாவுக்குத் தான் ஈரத்தோடு நிற்பதே மறந்துபோனது. தன் கம்பளித் தொப்பியை எடுத்துத் தோழியின் தலையில் அழுத்தினாள். பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள். நடுங்கிய கையில் பாதிக்குமேல் தரையில்தான் போனது.

அப்போதுதான் கவனித்தாள். பிரீடாவுக்கு நடுக்கமே இல்லை. நடுங்கினால் பயமில்லை, நடுக்கம் நின்றுபோனால்தான் பயப்படணும் என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

ஃபிடெல்மா அவள் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தன. ஆனால் ஃபிடெல்மாவின் விரல்களோ மரத்துக் கிடந்தன. மரத்த விரலுக்கு எதைத் தொட்டாலும் சூடாகத்தானே தெரியும்? அதை நம்பவும் பயமாக இருந்தது.

கூட வந்தவளைக் கண்பார்வையில் வைக்காமல் மிதவை மிதவையென்று போனேனே, இவளுக்கு ஏதாவது ஆனால் என்னை நானே மன்னிப்பேனா என்று தன்னையே திட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்ப்பதும் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். நாலு நிமிடம். ஐந்து நிமிடம்.

"ஒரு இடத்துல நில்லுடி, எனக்குத் தலை சுத்துது" என்றாள் பிரீடா. "உதடெல்லாம் நீலமாயிருக்கு பாரு உனக்கு. முதல்ல ஈரத்துணிய மாத்து. கீழேர்ந்து இல்ல, மேலேர்ந்து. நெஞ்சுதான் முதல்ல காயணும்."

பழைய நர்ஸின் அதே அதட்டல். ஃபிடெல்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தெளிகிறாள், தெளிந்துவிடுவாள். அவள் சொன்னபடியே மேலிருந்து துணி மாற்றினாள். பத்து நிமிடமும் ஆகிவிட்டது.

"இப்ப சொல்லு. என் பேரு என்ன?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" பிரீடா சிரித்தாள்.

"சொல்லு, பிரீடா."

பிரீடா அவளையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். உதட்டிலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் கண்ணில் பயம் மட்டும் மிச்சமிருந்தது.

"மலகி!" ஃபிடெல்மா அலறினாள். "காரை எடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

ஒரு காலில் உறையும் ஒரு கால் வெறுமையுமாக மலகி மழையில் ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு?"

"குளிர் தலைக்கேறிடுச்சு! பத்து நிமிஷமாகியும் தெளியல. எவ்வளவு நேரம் தண்ணியில கிடந்தாளோ, நான் பாக்கல. நீங்க இங்கேதானே இருந்தீங்க? எப்போ கரையேறினா? டாக்டர் கேப்பாங்க, சொல்லுங்க!"

மலகி பிரீடாவைப் பார்த்தார். அவள் ஃபிடெல்மாவின் தொப்பியைக் கழற்றி, இது யாருடையது என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ தண்ணியில இறங்கவே இல்லம்மா."