செண்பகத்தின் காவல்காரன்

நாற்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவனை யார் ஏமாற்றுவது? சொந்தக்காரர் குரலிலேயே பேசி மோசம் பண்ணும் பயல்களுக்காக, என் போனிலும் மகள் செண்பகத்தின் போனிலும் காவல்காரன் என்று ஒரு செயலியைப் போட்டேன். அவன் குரலை நம்பமாட்டான். ஆள் வழக்கம்போலப் பேசினால்தான் உள்ளே விடுவான். இனிக்க இனிக்கப் பேசிய ஒன்பது லட்சம் போலிச் செண்பகங்களை விரட்டியிருக்கிறான்!

என் அம்மா திவசத்துக்கு அவள் வராததில் எங்களுக்குள் பெரிய சண்டை. ஒரு மாதமாகப் பேச்சே இல்லை. அவளுக்குப் பிடிவாதம் என்றிருந்தேன். இன்று காலை, விரட்டப்பட்டவர்களின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கலாமென்று திறந்தேன்.

"அப்பா, சாப்ட்டீங்களா? நான் பேசுனது தப்புப்பா."

போலியில்லை, அவளேதான்! தினம் ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். இவ்வளவு தன்மையாக அவள் பேசியதே இல்லையென்று காவல்காரன் தள்ளிவிட்டான்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். "செண்பகம், எம்மேலதாம்மா தப்பு."

"செண்பகத்தின் அப்பா இப்படிப் பேசமாட்டார்" என்று அவள் போனிலிருந்த காவல்காரன் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

மறுபடி கூப்பிட்டேன். "ஏட்டி கழுத, போன எடுக்கியா இல்லியா?" நான் போட்ட சத்தத்தில் தெருநாய்களெல்லாம் ஊரையே காலி செய்திருக்கும்.

"எடுத்துட்டேன்! எதுக்குக் கத்துதீங்க?" என்று அவளும் கத்தினாள்.

அப்புறம் வெகுநேரம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.