பூஜ்யம்

மூன்றாவது மென்பொருள் பூஜ்யத்தை ஏற்க மறுத்தது.

மணிநேரக் கூலி என்ற கட்டம் சிவப்பாகத் துடித்தது. அவள் மறுபடி பூஜ்யம் இட்டாள். மறுபடி சிவப்பு.

சோதனைக்கு எடுத்த முதல் இரண்டு கணக்கு மென்பொருள்களும் இப்படி மறுக்கவில்லை. பதினொரு வருட எக்செல் கோப்பை அப்படியே விழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஒரு பச்சைக் கோடு போட்டுக் காட்டின. எல்லாம் லாபம்.

கோப்பில் நாற்பத்தாறு பேர். வந்தவர்கள், போனவர்கள். இரண்டு பேருக்கு மட்டும் கூலி பூஜ்யம்.

அவளுக்கும், ஜெயசிங்குக்கும். உரிமையாளர் என்பதால் அவளுடைய பூஜ்யத்தை இது விட்டுவிட்டது; துடித்தது அவன் கட்டம்.

"நம்ம கடையில நமக்கே கூலியாக்கும்?" என்று சிரித்தபடி அந்தப் பூஜ்யங்களை இட்டவன் அவன்தான். கம்பெனியில் அன்று இருந்ததே இரண்டு பேர்.

கோப்பின் முதல் பக்கத்துக்குப் போனாள்.

ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு மென்பொருள். லாபம் முப்பத்தெட்டாயிரம். அதில் ஒரு யுபிஎஸ் வாங்கினார்கள். மீதிக்குப் பிரியாணி.

அவன் பெயருக்கு நேரே 412 மணி நேரம்.

ஓரத்தில் அவன் எழுதிய குறிப்பு: மழை. கரண்ட் இல்லை. ஏடிஎம் அறையில் லேப்டாப் சார்ஜ். வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு டீ.



நாலு வருடத்துக்கு முன் அவன் விலகிய நாளிலும் இதே கோப்புதான் மேசையில் திறந்திருந்தது. தன் பங்கு என்று அவன் ஏதோ கேட்கத் தொடங்கினான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

நீயே பார். உன் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது?

அவன் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தான். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

"அக்கா, ட்ரையல் இன்னைக்கோட முடியுது." கணக்குப் பார்க்கும் மெர்லின் எட்டிப் பார்த்தாள். "ரெண்டாவதே போதும்லா? வெலையும் கம்மி. எல்லாம் பச்சையா அழகா இருக்கு."

அவள் திரைக்குத் திரும்பினாள்.

ஜெயசிங்கின் கட்டத்தில் மணிக்கு முந்நூறு என்று இட்டாள். அந்த வருடங்களில் வெளி ஆளுக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

கட்டம் அமைதியானது.

மண்டபம் சிவந்தது. அடுத்து நகைக்கடை. அடுத்து பள்ளிக்கூடம். பச்சைக் கோடுகள் மேலிருந்து ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே இறங்கின. அவன் விலகிய மாதத்தில் வந்து நின்றன.

"ஐயோ, என்னக்கா செஞ்சீங்க? பூராவும் நட்டமால்லா காட்டுது!"

"சரியாத்தான் காட்டுது. இதையே எடுத்துரு."

மெர்லின் தன் மேசைக்குப் போனாள்.

திரை இன்னும் ஒன்று கேட்டது. இந்த நபருக்கு அழைப்பு அனுப்பவா?

மின்னஞ்சல் முகவரியை அவள் தேடவில்லை. விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

பொறுப்பு என்ற இடத்தில் 'முன்னாள் ஊழியர்' என்று தானாகவே விழுந்திருந்தது.

அவள் அதை அழித்தாள்.

பொறுப்புகளின் பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போனாள். உரிமையாளர் என்பது முதல் வரியில் இருந்தது. அதற்கு நேரே இதுவரை அவள் பெயர் ஒன்றுதான்.